நாலு யூரோ பிடித்தம்

"பக்கத்து வீட்டுக்காரிக்கு நூறு அனுப்பினா நூறும் வருது. எனக்கு மட்டும் தொண்ணூத்தாறு. பாக்கி நாலு யூரோ யாரு வயித்துக்குள்ள போச்சு, பூஜெம்மா?"

யம்னா இதைக் கடை வாசலில் நின்றபடியே கேட்டாள். மொராக்கோவின் பெர்கான் ஊர்ச் சந்தைத் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பூஜெம்மா போன் கடைக்காரன். யம்னாவின் போனில் கணக்கு திறந்து கொடுத்தவன் அவன். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை திர்ஹமாக மாற்றிக் கொடுப்பவனும் அவன். ஆக, திருடியவனும் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

ஆறு மாதமாக அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பெல்ஜியத்தில் சலவை நிலையத்தில் வேலை செய்யும் மகள் இக்ராம், நூறு அனுப்பிவிட்டேன் என்பாள். இங்கே வந்து சேர்கையில் நாலு குறையும். முதல் மாதம் யம்னா சும்மா இருந்தாள். இரண்டாம் மாதம் பூஜெம்மாவின் மனைவி காலில் புதுச் செருப்பு. நாலாம் மாதம் கடையில் புது மின்விசிறி. எல்லாம் நாலு நாலாகச் சேர்த்த சொத்து!

பூஜெம்மா கோபப்படவில்லை. அதுதான் அவள் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. யோக்கியனாக இருந்தால் இந்நேரம் எகிறியிருக்க மாட்டானா?

அவன் அவள் போனை வாங்கித் திரையைத் தள்ளிக் காட்டினான். அனுப்பியது நூறு, பிடித்தம் நாலு. பிடிப்பது கம்பெனி, தனக்கு அதில் சல்லிக்காசு கிடையாது என்றான். அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று மடக்கினாள் யம்னா.

அனுப்புவதில் இரண்டு வகை இருக்கிறது என்றான் அவன். குடும்பத்துக்கு என்று போட்டால் பணம் பெறுகிறவரிடம் எதுவும் பிடிக்க மாட்டார்கள். பொருள் வாங்கியதற்கு என்று போட்டால், விற்றவரிடம் பிடித்துக்கொள்வார்கள்.

"நீங்க என்ன வியாபாரம் பண்றீங்க, யம்னாம்மா?"

வியாபாரமாவது, மண்ணாவது. அந்தப் பெண் தப்பான இடத்தில் அமுக்கித் தொலைத்திருக்கிறது! ஆறு மாதத்தில் இருபத்து நாலு யூரோ. யம்னா போனைப் பிடுங்கி அங்கேயே மகளை அழைத்தாள். நல்ல வசவு இரண்டு தொண்டை வரை வந்துவிட்டது.

எடுத்தது மருமகன் மிமூன். இக்ராமின் போன் இப்போதெல்லாம் தன்னிடம்தான் இருக்கிறது என்றான்.

கல்யாணமானதும் அவன் போட்ட சட்டம் ஒன்று உண்டு. இக்ராமின் சம்பளம் வீட்டுக் கடனுக்கு. பிறந்த வீட்டுக்கு ஒரு காசு போகக் கூடாது. பணம் வரத் தொடங்கியபோது, மாப்பிள்ளை மனசு மாறிவிட்டான் என்று யம்னா நினைத்தாள். அவனுக்காகத் தொழுகையில் வேண்டிக்கொள்ளவும் செய்தாள்.

அவன் பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை.

"மாசாமாசம் நூறு யூரோ, இருபது ஜாடி எலுமிச்சை ஊறுகாய்னு போட்டிருக்கு அத்தை. வேலை செய்யிற எடத்துல விக்கிறேங்கிறா. நான் ஒரு ஜாடியக்கூட கண்ணால பாக்கல."

மகளுக்கு இந்த ஆறு மாதத்தில் ஒரு எலுமிச்சம்பழம்கூட யம்னா அனுப்பியதில்லை.

கப்பலேறி பெல்ஜியம் வரை போகும் பஸ்காரன் ஜாடிகளை நேராகச் சலவை நிலையத்திலேயே இறக்கிவிடுவான் என்று சொன்னாள். அவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது. இந்த மாதச் சரக்கு வியாழக்கிழமை பஸ்ஸில் ஏறுகிறது என்று நாக்கு தானாகவே சேர்த்துச் சொன்னது.

நல்லதாகப் போயிற்று என்றான் மிமூன். சனிக்கிழமை பஸ் வரும்போது தானே போய் இருபது ஜாடியையும் எண்ணி எடுத்துக்கொள்கிறானாம். இக்ராமிடம் ஒரு வார்த்தை பேசட்டுமா என்று கேட்டாள். சனிக்கிழமைக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டான்.

அன்று செவ்வாய்க்கிழமை. உப்பில் போட்ட எலுமிச்சை ஊறிப் பதத்துக்கு வர ஒரு மாதம் ஆகும். யம்னாவின் வீட்டில் இருப்பது ஒரே ஜாடி, அதுவும் பாதி.

பூஜெம்மா இந்த மாதப் பணத்துக்கான நோட்டுகளை மேசைமேல் நகர்த்தி, எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். குடும்பத்துக்கு என்று மாற்றிப் போடும்படி மகளிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டான்.

அவள் எண்ணவில்லை. பிடித்தம் அப்படியே இருக்கட்டும் என்றாள். வாசலில் இன்னும் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பூஜெம்மா, உன் பொண்டாட்டிகிட்ட ஊறின எலுமிச்சை எத்தன ஜாடி இருக்கு?"