அவகாசம்

"சத்தம் காட்டாத தாயி. சர்க்கார் ஆளு வந்திருக்காக" என்று சீனியம்மாள் மகளின் வாயைப் பொத்தினாள்.

எமர்ஜென்சி முடிந்து வருஷம் ஒன்று ஆகியும் சர்க்கார் ஆள் என்றால் அவளுக்குக் கதவைத் தாழ்போடத்தான் தோன்றும். அதிலும் வந்திருப்பது படிப்பு ஆபீசர். பத்து வயசுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டோடு வைத்திருப்பவளிடம் நலம் விசாரிக்கவா வருவார்?

அனுப்பாமல் என்ன? போய்க் கேட்டுப் பார்த்தாள். பாக்கியத்துக்குப் பிறவியிலேயே கை கால் விறைப்பு, நாக்கும் புரளாது. "மத்த பிள்ளைங்க பயப்படும்" என்று பள்ளிக்கூடத்தில் கையை விரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் கணக்குக்கும் தமிழுக்கும் சீனியம்மாள், மலையாளத்துக்குப் பக்கத்து வீட்டு லதீஃபா என்று அந்த மட்டாஞ்சேரிச் சந்துக்குள்ளேயே படிப்பு நடந்துகொண்டிருந்தது. மகள் மலையாளப் பத்திரிகை படிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அம்மாவுக்குத்தான் கடைக்குப் போய்வர வேண்டியதைத் தாண்டி அந்தப் பாஷை ஏறவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தாள். ஆபீசருக்கு வழி காட்டிக்கொண்டு வந்ததே லதீஃபாதான்.

காட்டிக்கொடுத்துவிட்டாளே பாவி.

ஆபீசர் அனந்தநாராயணன் பாலக்காட்டுக்காரர். தமிழிலேயே பேசினார். கணக்குப் போடச் சொன்னார். பாக்கியம் கரித்துண்டை முஷ்டியில் இறுக்கிப் பிடித்துத் தரையில் போட்டுக் காட்டினாள். மலையாளத்தில் ஏதோ வாசிக்கச் சொன்னார். திக்கித் திணறி அதையும் வாசித்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இந்தக் கொழந்தைக்கு அவகாசம் உண்டு. சட்டம் அப்படித்தான் சொல்றது. வெள்ளிக்கிழமை காலம்பற வரேன். கொழந்தையைக் கொண்டுபோணும், கேட்டேளா?"

எங்கே என்று சீனியம்மாள் கேட்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

மலையாளத்தில் சொல்லியிருந்தாலாவது யாரிடமாவது அர்த்தம் கேட்டிருப்பாள். பச்சைத் தமிழில் அல்லவா சொல்லிவிட்டுப் போனார்? வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அவகாசம். அப்புறம் பிள்ளை சர்க்காருக்கு.

"ஆலுவாவுக்கு அந்தப் பக்கம் இப்படிப் பிள்ளைகளைப் போட்டுப் பூட்டி வைக்கிற இடம் இருக்காம். பெத்தவுகளக்கூட உள்ள விட மாட்டாகளாம். நான் மூட்டை தூக்குற குடோன்ல பேசிக்கிட்டாக" என்றான் புருஷன் செல்லப்பா.

லதீஃபா வந்து கதவைத் தட்டியபோது சீனியம்மாள் திறக்கவில்லை. பாக்கியம் "அ... அம்..." என்று என்னவோ சொல்ல வந்தாள். அவள் ஒரு பேச்சுப் பேசி முடிப்பதற்குள் உலை கொதித்துவிடும். மற்ற நாளென்றால் சீனியம்மாள் பொறுமையாக உட்கார்ந்து கேட்பாள்.

"இப்ப வேண்டாம் தாயி. அம்மாவுக்கு மனசு சரியில்ல."

வெள்ளிக்கிழமை விடியும்போதே மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போட் ஜெட்டிக்கு வந்துவிட்டாள். முந்தின நாளே போய்விட்ட செல்லப்பா எர்ணாகுளம் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பான். அங்கிருந்து ஊருக்குப் போய்விட்டால் எந்த ஆபீசரும் தேடி வர முடியாது.

எர்ணாகுளத்திலிருந்து முதல் போட் வந்து நின்றது. இறங்கியவர்களில் அனந்தநாராயணனும் இருந்தார்.

அவரைப் பார்த்ததும் பாக்கியம் குரல் எழுப்பினாள். சீனியம்மாள் சட்டென்று அவள் வாயைப் பொத்தித் திரும்பி நின்றாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"எங்கே போறேள்? நான் கொழந்தையைக் கொண்டுபோக வந்திருக்கேனே."

மகளோடு அவள் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யா, எம்புள்ளையப் பறிச்சிராதீக. இவளுக்கு என்னைய விட்டா சோறூட்டக்கூட ஆளில்ல. இன்னுங் கொஞ்சம் அவகாசம் குடுங்க. நாங்க ஊரோட போயிருதோம்."

அனந்தநாராயணன் முழித்தார்.

"அவகாசத்தைக் குடுக்க நான் ஆரு? அது கொழந்தையோட கூடப் பொறந்ததாக்கும்."

"வெள்ளிக்கிழமை வரைக்குந்தான்னு நீங்கதானய்யா..."

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"சிவ சிவா. மலையாளத்தில அவகாசம்னா உரிமை. அதுவே பழகிப்போய் எங்க தமிழ்லயும் அப்படித்தான் வரது. ஆத்துல இருந்து படிச்ச கொழந்தைக்கும் பரீட்சை எழுத உரிமை உண்டுன்னு சொன்னேன். பள்ளிக்கூடத்தில முடியாதுன்னுட்டா. அந்த லதீஃபா ஆபீசுக்கு நடையா நடந்தா. நானும் மேலிடத்தில சண்டை போட்டு உத்தரவு வாங்கியிருக்கேன். இன்னிக்குப் பரீட்சை. கொழந்தைக்கு நடக்க முடியாதேன்னு கொண்டுபோக வந்தேன்."

சீனியம்மாள் மகளை மடியோடு இறுக்கிக்கொண்டாள். இந்த மனுஷர் அடுத்த போட்டில் வந்திருந்தால்? பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, தானே அல்லவா தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தாள்?

மகளின் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்குத் தெரியாமப் போச்சே தாயி."

பாக்கியம் வாயைத் திறந்தாள். எர்ணாகுளம் போட் மணியடித்துக் கிளம்பிப் போயிற்று. அம்மாவும் ஆபீசரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து அவள் சொல்லி முடித்தாள்:

"எனக்குத் தெரியும். அன்னைக்கே சொல்ல வந்தேன். நீதாம்மா அவகாசம் குடுக்கல."