ஏலத்துக்கு வந்த தங்கக் காசு

ஆம்பூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தபடியே உலகத்துக்குப் பழங்காசு ஏலம் விட்டுவந்த தொழிலதிபர் நெல்சன், போலீஸ் ஸ்டேஷனில் நின்றிருந்தார்.

"பழங்காசு சேக்குற ஜுபேர் பாய் வூட்ல திருடு போன தங்கக் காசு எங்கடா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் திருடன் இல்ல சார்! ஏலத்துல போட பாயோட வெப்சைட்லருந்து போட்டோவ மட்டும்தான் எடுத்தேன். காச கண்ணால கூட பாத்ததில்ல. பணத்த வாங்கினு, பார்சல்ல தோல் துண்டு அனுப்புவேன். அவ்ளோதான்!"

திருடன் இல்லை என்ற நற்பெயரைக் காப்பாற்ற, இதுவரை ஏமாற்றிய அத்தனை பேரையும் சொல்லி முடித்தார்.

பெஞ்சில் இருந்த ஜுபேர் பாய், சட்டைப்பையிலிருந்து தங்கக் காசை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"போட்டோவ திருடிட்டான்னு போன மாசம் வந்தேன். 'காசு பத்திரமாத்தானே இருக்கு, போங்க பாய்'னு அனுப்சிட்டீங்க. அதான் சார், இந்த தடவ காசே போச்சுன்னு எழுதிக் குடுத்தேன்."