மிச்சம் வைக்காத அரிசி

"காலையில அமெரிக்காக்காரன் வந்துடுவான். இருக்கிற அரிசி மொத்தத்தையும் ஆக்கிடு, ஹிகாகி. சாகப்போறவங்களுக்கு மிச்சம் எதுக்கு?" என்றார் தீவின் ஜப்பானியத் தளபதி குவாபரா.

சமையல்காரன் ஹிகாகி ஆக்கிப் போட்டான். வீரர்கள் வயிறார உண்டார்கள். பிணம் ஊர் போய்ச் சேராது என்று, வீட்டுக்காக நகமும் முடியும் வெட்டிவைத்தார்கள்.

விடிந்தபோது கடலே தெரியவில்லை. அடிவானம் முழுக்கக் கப்பல்கள். ஹிகாகி வாய் பிளந்து நின்றான். உலகத்தில் இவ்வளவு இரும்பா!

ஒரு குண்டுகூட விழவில்லை. பொழுது சாயும்வரை கப்பல்கள் கடந்து போய்க்கொண்டே இருந்தன.

"நம்ம பீரங்கியப் பார்த்துப் பயந்துட்டானுங்க ஐயா!" என்று குதித்தான் ஹிகாகி.

"இல்லடா. நமக்குப் பின்னால இருக்கிற தீவைப் பிடிக்கப் போறான். அதுக்கப்புறம் இங்க ஒரு படகுகூட வராது. நம்மளைக் கொல்ல அவனுக்குக் குண்டே தேவையில்ல."

ஹிகாகி காலிப் பானையைப் பார்த்தான்.

"ராத்திரிக்கு என்ன ஆக்கட்டும் ஐயா?"