மூடியின் சாவி

பத்ரி, மிருதுளா தம்பதியின் பழைய பிக்கப் வண்டியில் ஒரு மாதமாகப் பெட்ரோல் வாடை. அதில் ஏற்றிப்போன கேட்டரிங் இட்லியிலும் அதே வாடை. அஸ்தினாபுரத்துச் சீமந்த வீட்டில் பாத்திரத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"மானமே போச்சு. எங்க லீக்குன்னு பாருங்கண்ணா," என்று மெக்கானிக் அசரியாவிடம் பொருமினாள் மிருதுளா.

அசரியா டேங்குக்குப் போகும் குழாய் வழியே புகையைச் செலுத்தினார். புகை எங்கே வெளிவருகிறதோ, அங்கேதான் லீக். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். டேங்க் மூடியைச் சுற்றிப் புகை சுருண்டு எழுந்தது.

"இது இந்த வண்டி மூடியே இல்ல. சரியா உக்காரல. யாரு மாட்டுனது?"

பத்ரி தொண்டையைச் செருமினான். அதற்குள் டிரைவர் ஃபிரெடி, "நான்தாண்ணா. ரோட்டுக் கடையில வாங்குனேன்," என்றான்.

"உன்னால எவ்ளோ அசிங்கம்! நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!" என்று வெடித்தாள் மிருதுளா.

பத்ரி டயரைக் குனிந்து பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சரி வுடும்மா, வேற மூடி போட்டுரலாம்," என்ற அசரியா, ஃபிரெடியிடம் கையை நீட்டினார். "பூட்டு மூடிதானே? சாவியக் குடு."

ஃபிரெடி தலையைக் குனிந்துகொண்டான்.

மிருதுளா அவனைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். பத்ரி கூனிக்குறுகியபடி பாக்கெட்டிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்தான். ஃபிரெடி பெட்ரோல் திருடுவான் என்று சந்தேகப்பட்டு பத்ரியே வாங்கி மாட்டிய மூடியின் சாவி, அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.