பெட்டி விழுங்கிய மேல் ஸ்வரங்கள்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் காது அடைத்துப் போகட்டும்.

குழல் வாசிக்கும் புஷ்பவனத்தின் முதல் கச்சேரி அது. அவன் புல்லாங்குழலின் கீழ் ஸ்வரங்கள் ஒலிபெருக்கிக் குழாயில் கணீரென்று வந்தன. மேலே ஏறினால் சத்தமே இல்லை. கூட்டம் எழுந்து நடக்க, மைக்செட் மாசானத்துக்கு வேர்த்துவிட்டது.

"அண்ணே, என் மானம் போகுது! உங்க ஆம்ப்ளிஃபயருக்கு என்ன கேடு?"

"கனத்த சத்தம்னா இந்தப் பெட்டி விறைப்பா நிக்கும் தம்பி. மெல்லிசா வந்தா இளகிப்போய் முழுங்கிடும்."

சொல்லிக்கொண்டே பெட்டியின் மூடியைத் திறந்தார். அது இத்தனை வருஷம் விழுங்கிய கொலுசும் குலவையும் பிள்ளை அழுகையும், கடைசியாக அந்தக் குழலின் உச்ச ஸ்வரமும், குருவிக் கூட்டம்போலப் பந்தலில் எழும்பின. போனவர்கள் நின்ற இடத்திலேயே கைகூப்பினார்கள். மாசானம் அப்போதுதான் தன் தோளைப் பார்த்தார்.

கீழ் ஸ்வரம் குழாயில் வந்தபோதுகூட மைக் வயரை அவர் ஆம்ப்ளிஃபயரில் சொருகவே இல்லை; அது அவர் தோளில்தான் சுருண்டு கிடந்தது.