நாலுக்கு மேல் நிற்காது

"நாலே நாலு சாமான் சொன்னேன், அதுல புதினாவைக் காணோமே..."

"கடையில நிக்கிறப்ப போன் போட்டு, அஞ்சாவதா தயிர் சொன்னது யாரு?"

"சாக்குக்கு மட்டும் கொறச்சல் இல்ல!"

கல்லூரியில் உளவியல் நடத்தும் ரிஃபானாவைப் பார்த்து நிஜாம் சிரித்தான். "நேத்து நீதானே பாடத்தை எங்கிட்ட சொல்லிப் பார்த்தே? மனசு ஒரே நேரத்துல நாலு விஷயத்தைத்தான் பிடிச்சு வச்சிருக்கும், புதுசா ஒண்ணு நுழைஞ்சா பழசு நழுவிரும்னு."

"அது பாடம். இது அலட்சியம். அக்கறை இருக்கவங்களுக்கு மறக்காதுங்க."

வாசலில் ஆட்டோ நின்றது. மீமிசலிலிருந்து வந்த நிஜாமின் அம்மா, கருவாட்டுப் பையோடு வியர்க்க விறுவிறுக்க இறங்கினார்.

ரிஃபானாவுக்குத் திக்கென்றது. 'நிஜாம் மறந்துருவான், பஸ் ஸ்டாண்டுக்கு நீயே வந்துரும்மா' என்று மாமி காலையில்தான் போனில் சொல்லியிருந்தார். 'கண்டிப்பா வந்துருவேன் மாமி' என்று இவளும் சொல்லியிருந்தாள். பஸ் வந்து ரெண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். அவளால் நிமிர முடியவில்லை.

"என்னம்மா, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீங்க?" என்றான் நிஜாம்.

மாமி மருமகளின் முகத்தை ஒரு நொடி பார்த்தார்.

"ரிஃபானாகிட்ட சொல்லணும்னுதான்டா இருந்தேன். நாந்தான் மறந்துட்டேன்."