மூன்று மனிதரை விழுங்கியவள்

மனித குலத்தின் பேச்சுத் திறனைச் சாகடித்தது ஸ்லைடுதான் என்று தொகாஷி தீர்ப்பு வழங்கியபோது, அவனோடு ஜோடியாகப் பேசவேண்டிய நாகுமோ அதைக் கேட்கும் நிலையில் இல்லை. உள்ளங்கையில் ‘மனிதன்’ என்று பொருள்படும் ஒற்றை ஜப்பானிய எழுத்தை விரலால் எழுதி, வாயில் போட்டு விழுங்கிக்கொண்டிருந்தாள். மூன்று முறை விழுங்கினால் சபையே வயிற்றுக்குள் போய்விடும், பயம் தெளிந்துவிடும் என்பது ஜப்பான் முழுக்கத் தெரிந்த வைத்தியம்.

“எத்தனாவது மனுஷன் இது?” என்றான் தொகாஷி. “காலையில சாப்பிடலையா?”

“சும்மா இருப்பா. இந்தக் கடைசி வருஷப் பேச்சு போச்சுன்னா ரெண்டு பேருக்கும் பட்டம் கிடையாது. ஏப்ரல்ல சேரச் சொன்ன வேலையும் போயிடும்.” அவள் அடுத்த மனிதனை எழுதினாள்.

இருவருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண். தலைப்பு, ரயிலில் மறந்துவிட்டுப் போகும் குடைகள். எங்கே மறக்கிறார்கள் என்பது நாகுமோவின் பாதி. ஏன் யாரும் தேடி வருவதில்லை என்பது தொகாஷியின் பாதி.

“உன் பாதிக்கு ஒரே ஒரு படமாவது வரையேன்” என்று மூன்று வாரமாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

“படமெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு. எனக்கு நாக்கு இருக்கு.”

பேராசிரியர் ஷிராகி அவர்கள் பெயரை அழைத்தார். முதல் ஸ்லைடு திரையில் விழுந்தது. மூலையில் 1/14.

“உன் படம் ஆறுதானே?” தொகாஷி அவள் காதோரம் சிரித்தான். “பயத்துல எண்ணக்கூட வரலையா?”

நாகுமோ பேசினாள். ஒவ்வொரு குடையையும் அவளே வரைந்து, அழித்து, மறுபடி வரைந்திருந்ததால் திரையைத் திரும்பியே பார்க்கவில்லை. குரலில் நடுக்கமில்லை. ஆறாவது படத்துக்கு வகுப்பே சிரித்தது.

திரையை அணைத்துவிட்டுக் கணினியின் அருகில் உட்கார்ந்தவள், மறுபடி உள்ளங்கையில் எழுதத் தொடங்கினாள்.

“அதான் முடிச்சிட்டியே, இன்னும் என்ன பயம்?”

“இப்பதான் ஆரம்பமே.”

தொகாஷி முன்னால் போய் நின்று குனிந்து வணங்கினான்.

“குடைங்கிறது...”

முப்பத்திரண்டு கண்கள். பின்னால் கறுப்புத் திரை.

“குடைங்கிறது வந்து...”

நாக்கு இருந்தது. ஈரம்தான் இல்லை. பேராசிரியர் பேனா மூடியைத் திறந்தார்.

தொகாஷியின் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. ஒரு விரல் உள்ளங்கையில் எதையோ எழுதியது. இருமுவதுபோல் கையை வாய்க்குக் கொண்டுபோய் விழுங்கினான். மூன்று முறை. மூன்று பேரும் தொண்டையிலேயே நின்றுகொண்டார்கள்.

பேனா தாளைத் தொட்ட நேரத்தில் திரை பளிச்சென்றது.

கடைவாசலில் புதுக்குடையோடு ஒரு மனிதன். அவனுக்குப் பின்னால் ஓடும் ரயிலில், ஜன்னலோரம் அவனுடைய பழைய குடை. மூலையில் 7/14.

“தேடிப் போற நேரத்துல புதுசு வாங்கிடறோம்...” தொகாஷியின் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்தது. பேனா நின்றது.

வகுப்புக்கு முதுகைக் காட்டி, படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், நான்கு வருடத்தில் முதல்முறையாக அவளிடம் மரியாதையோடு சொன்னான்:

“அடுத்த ஸ்லைடு போடுங்க, நாகுமோ.”